பன்னிரண்டு கேட்ட ஊர் ஏழு கேட்கிறது

ராமநாதபுரத்தில் ஜெர்சி அச்சடிக்கும் கடை ஒன்றின் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கபடி அணியின் பனியன் தெரிகிறது. முன்பக்கம் ஊர்ப் பெயர், குலதெய்வத்தின் படம். முதுகில், எண்ணுக்குக் கீழே, செலவை ஏற்றுக்கொண்டவர்கள் பெயர்: ‘திருப்பூர் வாழ் இளைஞர்கள்’. கடலோர ஊர் அணியாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு விசைப்படகின் பெயர் இருக்கும். “பன்னெண்டு வேணாம்ணே, ஏழு அடிங்க. களத்துல எறங்குறவனுக்குப் போதும். மத்த பயலுக பழசையே போட்டுக்கிருவாங்க” என்கிறார் அணித் தலைவர். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் ஐந்து எண்களை அழிக்கிறார். ஒரு பனியன் 250 ரூபாய். ஐந்து குறைந்தால் மிச்சம் 1,250. அந்தத் தொகைக்கு ஓர் ஊரே யோசிக்கிறது என்றால் அதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது.

மானாவாரி நெல்லும் மிளகாயும் கைவிட்ட வருடங்களில் கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் ஏறும் ஊர் திருப்பூர். அங்கே பனியன் கம்பெனிகளில் டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்து, செக்கிங், ஓவர்லாக் என்று கற்று, டெய்லராக நிமிர்ந்தவர்கள் ஏராளம். அவர்கள் அனுப்பும் வாரச் சம்பளத்தில்தான் இங்கே நகை மீட்கப்படுகிறது, வீட்டுக்கு ஓடு மாறுகிறது, திருவிழாவுக்குக் கபடிப் போட்டி நடக்கிறது. அந்தச் சம்பளத்தின் மேல்தான் 2025 ஆகஸ்டில் இடி விழுந்தது. இந்தியப் பொருள்களுக்கு 7-ஆம் தேதி 25 சதவீதம், 27-ஆம் தேதி இன்னொரு 25 சதவீதம் என்று அமெரிக்கா கூடுதல் வரி போட்டது. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த நாட்டுக்குத்தான் போகிறது.

விளையாட்டு உடைக்கு அடி இன்னும் பலம். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 சதவீத இறக்குமதி வரி உண்டு. பாலியஸ்டர் போன்ற செயற்கை இழையில் தைத்ததற்கு 32 சதவீதம். வியர்வை தங்காமல் சீக்கிரம் உலரும் என்பதால் மைதானத்தில் இறங்குகிறவர்கள் உடுத்துவது பெரும்பாலும் பாலியஸ்டர்தான். ஆக, அந்த ஆகஸ்டில் ஒரு பாலியஸ்டர் ஜெர்சிக்கு மொத்த வரி 82 சதவீதம். அதே மாதம் வங்கதேசம், வியட்நாம், இலங்கை ஆகிய மூன்றுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம் மட்டுமே. பருத்தியையே நம்பியிருந்த திருப்பூர், உலகச் சந்தை செயற்கை இழைப் பக்கம் சாய்வதைப் பார்த்து, கடன் வாங்கிச் சாயப்பட்டறையையும் இயந்திரங்களையும் மாற்றத் தொடங்கியிருந்த நேரம் அது. துணிந்து மாறியவருக்குத்தான் பெரிய அடி.

அந்த வரி பிறகு ஏறட்டும், இறங்கட்டும். டாக்காவுக்குக் கைமாறிய ஆர்டர் அறிவிப்பு வந்த மறுநாளே திரும்பிவிடாது. கம்பெனி மூடினால் செய்தி வரும். ஒரு ஷிப்ட் ஒன்றரை ஷிப்டாக ஓடிய இடத்தில் அரை நாள் வேலையானால் எந்தப் பதிவேட்டிலும் வராது. கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் ஒப்பந்தத்தில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு யாரும் வேலைநீக்கக் கடிதம் கொடுப்பதில்லை. “ஊருக்குப் போயிட்டு வா, சரக்கு வந்ததும் போன் பண்றோம்” என்பதோடு சரி. அவர் பி.எஃப். கணக்கிலும் இல்லை, நம் மாவட்ட நிர்வாகத்தின் கணக்கிலும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கும் அந்த இளைஞனை எண்ணுவதற்கு இன்று ஓர் அலுவலகம்கூடக் கிடையாது. உண்மையான அபாயம் இதுதான்.

அவன் வந்து இறங்கும் ஊரிலும் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; சித்திரைத் திருவிழாவும் போட்டிகளும் அதற்குள்ளேதான் வருகின்றன. கடலுக்குப் போகும் மாதங்களிலும் நிம்மதி இல்லை. 2024-ல் மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப்போனது. படகு பறிபோன வீட்டில் ஜெர்சிக்கு யார் பணம் கேட்பது?

ராமேசுவரத்துக்கு நேர் எதிர்க்கரையைக் கொஞ்சம் பாருங்கள். போரில் சிதைந்த கிளிநொச்சியில் மாஸ் நிறுவனம் ‘வானவில்’, ‘விடியல்’ என்று தமிழ்ப் பெயரிலேயே ஆடைத் தொழிற்சாலைகளை நடத்துகிறது. அங்கே விளையாட்டு உடை தைப்பவர்கள் நம் மொழி பேசும் பெண்கள். 2022-ல் இலங்கைப் பொருளாதாரம் நொடிந்து, மார்ச் முதலே அகதிகள் தனுஷ்கோடி மணலில் வந்து இறங்கினார்கள். அந்தக் கொடிய வருடத்திலும் அந்நாட்டுக்கு டாலர் கொண்டுவந்த முக்கியத் தொழில் ஆடை ஏற்றுமதி. அந்தப் பெண்களின் கூலியும் உரிமையும் தனியே பேசவேண்டியவை. அதை நாம் மறைக்கவில்லை. ஆனாலும் வேலை அவர்கள் மாவட்டத்துக்கே வந்தது. நம் பிள்ளைகளோ வேலையைத் தேடி ராத்திரி பஸ்ஸில் போகிறார்கள்.

2025 செப்டம்பர் 22 ஜி.எஸ்.டி. குறைப்பு உதவும் என்கிறார்கள். செயற்கை நூலுக்கு 12-லிருந்து 5 சதவீதமானது நல்லதுதான். ஆனால் 250 ரூபாய் ஜெர்சிக்கு முன்பும் 5, இப்போதும் 5. கையில் காசில்லாதவனுக்கு வரிக் குறைப்பால் என்ன பயன்?

அரசிடம் நாம் புதிய திட்டம் எதையும் கேட்கவில்லை. இருப்பதை ஒழுங்காக இணைக்கச் சொல்கிறோம். 2024-ல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் 12,525 ஊராட்சிகளுக்கானது. அதில் 429 ஊராட்சிகள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. முதலமைச்சர் கோப்பைக்கு ஆண்டுதோறும் பிள்ளைகள் திரள்கிறார்கள். பிரப்பன்வலசையில் நீர் விளையாட்டு அகாடமி வருகிறது. இவற்றுக்கு வேண்டிய உடையை இந்த மாவட்டத்திலேயே தைக்க என்ன தடை? விலையில்லாச் சீருடை தைத்துப் பழகிய மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் சீருடைத் துணி வேறு, ஜெர்சியின் பின்னல் துணி வேறு. சாதாரணத் தையல் மெஷினில் ஜெர்சி தைத்தால் இழுபடும் இடத்தில் நூல் அறும். ஓவர்லாக்கும் பிளாட்லாக்கும் வேண்டும், அவற்றில் கைதேர்ந்த ஆள் வேண்டும். திருப்பூரில் பத்து வருடம் அதே மெஷினில் உட்கார்ந்தவன் இப்போது ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பயிற்றுநராக்கிச் சம்பளம் கொடுங்கள். தைத்துக் கொடுத்த சங்கத்துக்குக் கூலியை ஆறு மாதம் இழுக்காமல் அந்த மாதமே கொடுங்கள்.

பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில், ஈ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு இடம் ஒதுக்கி வேலை நடக்கிறது. கமுதியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் காலையில் போய் ராத்திரி வீடு திரும்பக்கூடிய தூரம். அங்கே நிலம் எடுக்கும் கம்பெனிகளில் செயற்கை இழை விளையாட்டு உடைக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். திருப்பூரிலிருந்து திரும்பிய ராமநாதபுரத்துக்காரர்களின் பட்டியலை ஆட்சியர் அலுவலகம் ஊராட்சி வாரியாக இந்த மாதமே எடுக்கத் தொடங்க வேண்டும். பூங்காவின் முதல் கம்பெனி ஆள் எடுக்கும் நாளில் அந்தப் பட்டியல் மேசைமேல் இருக்க வேண்டும். கமுதியிலிருந்து காலை ஷிப்டுக்கு ஒரு பஸ்ஸும் ஓட வேண்டும்.