மனுப் போட்டாயிற்று, வாழ்க்கை ஏன் நிற்க வேண்டும்?

அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட மகன் தன் தாயை அங்கே நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விரும்பினால் வரிசை என்பதே கிடையாது. மனு, பரிசீலனை, நேர்காணல் முடிந்தால் விசா. அந்தத் தாயே பிறகு பிரஜையாகி, இங்கே புருஷன், பிள்ளைகளோடு இருக்கும் மூத்த மகளை அழைக்க விரும்பினால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். மகன் தாயை அழைக்க ஒரு நியாயம், தாய் மகளை அழைக்க வேறொரு நியாயம்!

தாய்க்கு, மணமானாலும் மகள் மகள்தான். அமெரிக்கச் சட்டத்திற்கோ, தாலி ஏறியதும் அவள் வேறு குடும்பம். மணமான பிள்ளைகளுக்கு 1965-ஆம் ஆண்டுச் சட்டம் தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வருடத்துக்கு 23,400 இடங்களை ஒதுக்கியது. உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். மருமகனும் பேரக் குழந்தைகளும் அதே கணக்கில் அடக்கம். மெக்ஸிகோ, பிலிப்பைன்ஸ் நாட்டினர் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறார்கள்.

மனுப் போடும் தகுதி பிரஜைக்கு மட்டுமே உண்டு. கிரீன் கார்டு மட்டும் உள்ள தகப்பனார், மணமாகாத மகனுக்கு மனுப் போடலாம். அவர் பிரஜையாவதற்கு முன் மகன் கல்யாணம் செய்துகொண்டால் அந்த மனு அன்றே செத்துவிடும். இதற்கு அஞ்சிக் கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கல்யாணத்தையே மறைக்கச் சொல்லிக்கொடுக்கும் ஏஜெண்டுகளும் உண்டு. முன்னது பரிதாபம், பின்னது பெருந்தவறு. பொய் வெளிப்பட்டால் அமெரிக்காவுக்குள் நுழைவதற்கே நிரந்தரத் தடை வரலாம்.

இதைவிடக் கொடுமை பேரக் குழந்தைகளின் கதி. பெற்றோருடன் போக அவர்களுக்கு 21 வயது நிரம்பியிருக்கக் கூடாது. 2002-ல் வந்த சட்டம் சிறிது சலுகை தந்தது. ஆனால் மனு அதிகாரிகளின் பரிசீலனையில் கிடந்த காலத்தைத்தான் வயதிலிருந்து கழிக்கலாம். மனு ஏற்கப்பட்ட பின் வரிசையில் நின்ற காலத்தைக் கழிக்க முடியாது. பத்து வயதுப் பையனை நம்பிப் போட்ட மனு பலிக்கும்போது அவன் பட்டம் பெற்ற வாலிபனாக இங்கேயே நிற்பான்.

இது கற்பனையல்ல. 1998-ல் அமெரிக்கப் பிரஜையான ஒரு தாய், எல் சால்வடோர் நாட்டிலிருந்த மணமான மகளுக்கு மனுப் போட்டார். பேரனுக்கு அப்போது வயது 13. 2005-ல் முறை வந்தபோது, சில மாதங்களுக்கு முன்புதான் அவனுக்கு 21 முடிந்திருந்தது. வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2014-ல் தீர்ப்பு சர்க்கார் பக்கமே வந்தது.

மனுப் போட்டவர் இறந்துவிட்டாலும் மனு ரத்தாகும். ஏற்கப்பட்ட மனுவானால், மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கக் கேட்கலாம். கொடுப்பது அதிகாரிகளின் இஷ்டம். எழுபது வயதுத் தாய் போட்ட மனு எண்பத்திரண்டு வயது தாண்டியும் அவர் உயிரோடிருப்பதை நம்பி நிற்கிறது. கடைசியில், வருகிறவர்களைத் தாங்க வருமானம் உண்டென்று அவர் உத்தரவாதமும் தர வேண்டும். அவரிடம் வருமானம் போதாவிட்டால் இன்னொருவர் கூட்டுப் பொறுப்பேற்க வேண்டும்.

குடியேற்ற விசா நேர்காணலுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் மும்பைக்கு வருகிறார்கள். சயானிலும் செம்பூரிலும் உறவினர் வீடுகளில் தங்குகிறார்கள். அவர்கள் தலைமயிர் நரைத்திருப்பதைப் பார்த்தாலே வரிசையின் நீளம் விளங்கும். ஐம்பது வயதில் உத்தியோகத்தை விட்டு, புதிய ஊரில் எந்த வேலை கிடைத்தாலும் சரி என்று புறப்படுவது எளிதா? இருபத்திரண்டு வயது மகளை இங்கே யாரிடம் விட்டுப் போவது?

ஆகவே மனுவே போடக் கூடாது என்பதல்ல. தகுதியுள்ளவர்கள் போடட்டும், மனுப் போட்ட தேதிதான் வரிசையில் இடம் பிடிக்கும். போட்டபின் ரசீதைப் பத்திரமாக வைக்கட்டும். விலாசம் மாறினாலும் குழந்தை பிறந்தாலும் தெரிவிக்கட்டும். மாதந்தோறும் வெளியாகும் விசா அறிவிப்பைத் தாங்களே பார்க்கட்டும். எந்த ஏஜெண்டாலும் அந்த வரிசையில் ஓர் அடிகூட முன்னே தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்த ரசீதை நம்பி வீடு வாங்காமல் இருப்பதும், பதவி உயர்வை வேண்டாம் என்பதும், பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்காமல் இழுப்பதும் அறிவுடைமையாகாது.

அமெரிக்க சர்க்கார் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மனுப் போட்ட நாளில் குழந்தைக்கு என்ன வயதோ, அதையே கணக்கில் கொள்ளட்டும். குடும்பங்களை ஒன்று சேர்க்கவே சட்டம் என்கிறார்கள். பாட்டியோடு மகளைச் சேர்க்க, மகளிடமிருந்து பேரனைப் பிரிப்பது எந்த வகைச் சேர்க்கை?