அசல் சாமானும் நகல் சாமானும்

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி ஆகிய ஊர்களிலிருந்து பொழுது விடியுமுன் புறப்பட்டு, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை அறியாதார் தேனி ஜில்லாவில் இலர். போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவ்வளைவொன்றில் பாறை உரசி முன் பம்பரோ, மட்கார்டோ, விளக்கோ உடைந்துவிட்டால், கம்பெனிச் சாமானை வாங்குவதா, குறைந்த விலைக்குக் கிடைக்கும் நகலை மாட்டிக்கொள்வதா என்ற கேள்வி எழுகிறது. இது வண்டிக்கு அலங்காரம் செய்யும் சௌகரியக்காரர்களின் கவலையென்று சிலர் நகைக்கக்கூடும். ஜீப் ஒரு நாள் நின்றால், ஓட்டுபவரோடு அதில் ஏறிப்போகிறவர்களின் அன்றைய கூலியும் நின்றுபோகிறதென்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

அசலையே வாங்குங்கள் என்று உபதேசிப்பது எளிது. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். கழிவில்லாத விசேஷ பாலிசி எடுத்திராதவருக்கு, பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானமென்று கழித்துக்கொண்டே கம்பெனி பணம் தருகிறது. மிச்சப் பாதி அவர் கையிலிருந்து போகிறது. இந்நிலையில் அவர் நகலைத் தேடுவதில் என்ன வியப்பு?

அசலின் விலை உயர்ந்திருப்பதற்கு அதன் தரம் மாத்திரம் காரணமன்று. 2014 ஆகஸ்டு 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம், மாருதி, டாடா, மஹீந்திரா உள்ளிட்ட 14 மோட்டார் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகம் செய்து தருவோர் அவற்றைத் திறந்த சந்தையில் விற்கவொட்டாமல் தடுத்ததும், வெளிப் பட்டறைகளுக்குச் சாமான் கிடைக்காமற் செய்ததுமே குற்றம். அபராதம் மேல்முறையீடுகளில் சிக்கிக்கொண்டது. ஆயினும் ஆணையம் கண்டறிந்த உண்மை மறைந்துவிடவில்லை. அசலைப் பூட்டி வைத்துக்கொண்டே, ஜனங்கள் நகலை வாங்குகிறார்களே என்று கம்பெனிகள் அங்கலாய்ப்பது நியாயமாகாது.

இதனால் போலியை நாம் ஆதரிப்பதாக எவரும் கருதவேண்டாம். தன் பெயரைத் தானே பொறித்துக்கொண்டு 'இன்ன வண்டிக்குப் பொருந்தும்' என்று விற்கப்படும் நகல் வேறு. பிறர் பெயரைத் திருடி, கம்பெனி உறைபோன்ற உறையில் கம்பெனி விலைக்கே விற்கப்படும் போலி வேறு. டில்லியில் வாகன அலங்காரச் சாமான் செய்யும் பிரையஸ் ஆட்டோ என்ற ஸ்தாபனத்தின்மேல் ஜப்பானிய டொயோட்டா கம்பெனி தொடுத்த வழக்கு இதை நன்கு விளக்குகிறது. டொயோட்டா, இன்னோவா என்ற பெயர்களை வர்த்தக முத்திரையைப் போல அச்சாமான்களில் போடலாகாதென்று தடை கிடைத்தது. ஆனால் பிரையஸ் என்ற பெயரின்மேல் டொயோட்டா கொண்டாடிய உரிமையை 2017 டிசம்பர் 14 அன்று சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. பொய் முத்திரை போட்டு விற்பதோ 1999-ம் வருஷ வர்த்தக முத்திரைச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். தன் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு பெற்றுள்ள கம்பம் பள்ளத்தாக்குக்கு, பெயர்த் திருட்டு எத்தகையதென்று நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

நேர்மையான நகலையும் எல்லா இடத்திலும் மாட்டிவிட முடியாது. கிரில், ஓரப் பட்டை போன்ற வெறும் மேற்பூச்சு உறுப்புகளில் நகலால் பெரிய கெடுதல் நேராது. துளைகள் பொருந்தாமல் பட்டறைக்காரர் அராவவும் துளைக்கவும் நேர்ந்தால், மிச்சம் பிடித்த பணம் அவருடைய கூலியில் போய்விடும் என்பதை மட்டும் முன்பே கணக்கிட்டுக்கொள்ளவேண்டும். பானெட் அப்படியன்று. மோதும்போது அது இன்ன இடத்தில் மடியவேண்டுமென்று வகுத்தே செய்யப்படுகிறது. கண்ணாடி நாரால் வார்த்த பம்பர் வளைந்து கொடாமல் சில்லாகத் தெறிக்கும். முகவிளக்கின் ஒளி சற்றுத் தவறி விழுந்தாலும் மெட்டுப் பாதையின் மூடுபனியில் எதிரே வருகிறவர் கண் கூசும். ஆள் ஏற்றிப் போகிறவர் இம்மூன்றிலும் சிக்கனம் பார்க்கலாகாதென்பது நமது அபிப்பிராயம்.

பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டும் வழக்கத்தையும் விட்டுவிடவேண்டும். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடுக்கும்படி ராஜ்ய சர்க்கார்களுக்கு எழுதிற்று. வண்டியின் அமைப்பை மாற்றலாகாதென்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்ததும் கேரளத்திலிருந்து சென்ற வழக்கில்தான். மெட்டைத் தாண்டித் தினமும் அந்த ராஜ்யத்துக்குள் போகும் நம் ஜீப்புக்காரர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

2022 டிசம்பரில் மத்திய சர்க்கார் 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஒரு தளத்தைத் திறந்தபோது மோட்டார் வாகனங்களையும் அதில் சேர்த்தது. அறிவிப்போடு நின்றுவிடாமல், ஒவ்வோர் உறுப்பின் விலையையும் கம்பெனிகள் பகிரங்கமாக வெளியிடவும், அவ்வுறுப்பு கம்பத்திலுள்ள சாதாரணப் பட்டறைக்கும் அதே விலையில் கிடைக்கவும் சர்க்கார் சட்டம் செய்யவேண்டும். ஜில்லாவின் ஜீப் உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் ஒன்றுகூடித் தங்கள் பார்லிமெண்டு அங்கத்தினரிடம் முதலில் இதைக் கேட்கட்டும். அதுவரையில், எந்தச் சாமான் வாங்கினாலும் செய்தவர் பெயர் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்கவேண்டாம்.