இல்லத்தரசியின் மாத வருமானம்

நம் மேடைகளிலும் வார இதழ்களிலும் 'இல்லத்தரசி' என்னும் சொல் தாராளமாகப் புழங்குகிறது. அரசி என்றால் ஆட்சி உண்டு, கருவூலம் உண்டு. அந்த அரசி சாலையைக் கடக்கையில் லாரி மோதி இறந்துபோனால், இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்தின் படியேறும் குடும்பத்தின் முன் வந்து நிற்கும் வினா ஒன்றுதான்: "இறந்தவரின் மாத வருமானம் என்ன?" அதற்கு நம் வீடுகளில் ஆயத்தமாக இருக்கும் விடை, "வீட்டில் சும்மாதான் இருந்தாள்" என்பது. காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அதற்குமேல் வாதாட வேண்டியதில்லை. அவருடைய வேலையை நம் நாவே முடித்துக் கொடுத்துவிடுகிறது.

இந்தச் 'சும்மா'வின் விலை என்ன என்று கணக்கிட்டுப் பார்ப்போம். இறந்தவரின் ஆண்டு வருமானத்தில் அவருடைய சொந்தச் செலவுக்கென ஒரு பங்கைக் கழித்து, எஞ்சியதை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்குவது வழக்கம். 2009இல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, 31 முதல் 35 வயது வரை அந்த எண் 16. ஆகவே, 35 வயதுப் பெண்ணின் உழைப்பை மாதத்துக்கு 1000 ரூபாய் குறைத்து மதித்தால், கழிவுக்கு முந்தைய கணக்கில் 1,92,000 ரூபாய் போய்விடுகிறது. 3000 ரூபாய் குறைத்தால் 5,76,000 ரூபாய். தாயை இழந்த பிள்ளைகளின் உணவும் கல்வியும் இந்த எண்களுக்குள்தான் இருக்கின்றன.

சட்டம் இவ்வுழைப்பை எவ்வாறு அளந்து வந்தது? 1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாம் அட்டவணை, வருமானமற்றோருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்றும், வருமானமற்ற வாழ்க்கைத் துணையாயின் சம்பாதிக்கும் துணையின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றும் விதித்தது. ஒரே அளவு சோறு வடித்து, ஒரே அளவு துணி துவைத்த இரு பெண்களில் அதிகாரியின் மனைவிக்கு ஒரு விலை. கூலித் தொழிலாளியின் மனைவிக்கு வேறொரு விலை. அந்த அட்டவணை 2018இல் மாற்றப்பட்டுவிட்டது. அதன் பின்னிருந்த மனப்பான்மை மாறிற்றா என்பதே நம் ஐயம்.

நீதிமன்றங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தன என்று நாம் சொல்லவில்லை. 1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூர் இரும்பாலையின் நிறுவனர் நாள் விழாவில் மூண்ட தீ 60 உயிர்களைக் கொண்டது. அதில் இறந்த இல்லத்தரசியரின் பணி முதலில் ஆண்டுக்கு 12,000, 10,000 என்ற அளவிலேயே மதிப்பிடப்பட்டது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதை மாதம் 3000 ரூபாயாக உயர்த்தியது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், இல்லப் பணியின் பொருளாதார மதிப்பை விரிவாக ஆராய்ந்து தீர்ப்பெழுதினார். 2010இல் நீதிபதி ஏ.கே. கங்குலி, 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசியரைப் பிச்சைக்காரர், கைதிகள் ஆகியோரோடு ஒரே வரிசையில் 'தொழில் செய்யாதோர்' என்று வைத்ததைக் கடிந்துரைத்தார். 2021இல் நீதிபதி என்.வி. ரமணா, ஊதியமற்ற வீட்டுவேலையில் பெண்கள் நாள்தோறும் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அரசின் 2019ஆம் ஆண்டு ஆய்வு காட்டியதை எடுத்துரைத்தார்.

இத்தனைக்கும் பிறகு நடந்ததைப் பாருங்கள். உத்தராகண்டில் 2006இல் நேர்ந்த விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் உத்தேச வருமானம் தினக்கூலிக்கும் குறைவாகக் கணக்கிடப்பட்டது. அது தவறென்று சொல்ல உச்ச நீதிமன்றம் 2024இல் தலையிட வேண்டியிருந்தது. இடையில் ஓடியவை 18 ஆண்டுகள். டெல்லி வரை போக இயலாத குடும்பங்களின் கணக்கை யார் திருத்துவார்?

'அன்புக்கு விலை பேசுவதா?' என்று சிலர் வெகுள்வர். அன்புக்கு ஏற்கெனவே விலை பேசியாகிவிட்டது என்பதை அவர்கள் அறியார்கள். துணையின் உறவை இழந்ததற்கு 40,000 ரூபாய் என 2017இல் உச்ச நீதிமன்றமே தனித்தலைப்பில் வரையறுத்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு உயர்த்தவும் சொன்னது. எஞ்சி நிற்பது உழைப்பு. தாய்மை, தியாகம் என்ற புகழுரைகள் அந்த உழைப்பின் கூலியைக் கொடாமல் தப்புவதற்கே பயன்படுகின்றன. 'இல்லாள்' என்பதற்கு நேரான ஆண்பாற்சொல் தமிழில் இல்லை, 'இல்லான்' என்றால் பொருளற்றவன் என்று வகுப்பறையில் பெருமையோடு சொல்கிறோம். இழப்பீட்டுக் கணக்கில் இல்லாளே பொருளற்றவராய் நிற்பதை மட்டும் சொல்வதில்லை.

உயிர் தப்பிக் கை ஒடிந்தவர் நிலையும் இதுவே. 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவான நெறியைத் தந்தது: உறுப்பு எவ்வளவு ஊனமுற்றது என்பதோடு நில்லாமல், அந்த ஊனம் அவர் செய்த தொழிலை எவ்வளவு பாதித்தது என்று பார்க்க வேண்டும். இடக்கையை இழந்த தச்சருக்கு நேரும் இழப்பு வேறு. எழுத்தருக்கு நேரும் இழப்பு வேறு. அப்படியாயின் நீர் சுமந்து, மாவரைத்து, படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தூக்கி உட்கார வைத்த கை என்ன தொழில் செய்த கை? அந்த வேலைகளுக்கு ஆள் வைத்தால் மாதம் என்ன கொடுக்க வேண்டும் என்பது எல்லா ஊரிலும் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே நாம் கோருவன இரண்டு. இல்லப் பணியின் உத்தேச வருமானம், திறனுடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்கலாகாது என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். நீதிபதியின் இரக்கத்துக்கு அதை விடலாகாது. காயமுற்ற இல்லத்தரசிக்கு, அவர் செய்துவந்த வேலைகளுக்கு ஆள் வைக்கும் செலவையும் சேர்த்து வழங்க வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை செய்யத்தக்கது நம் கையில் இருக்கிறது. இழப்பீட்டு மனுவில் தொழில் என்ற இடத்தில் கோடு கிழிக்காதீர்கள். விடியலில் எழுந்தது முதல் விளக்கணைத்தது வரை அவர் செய்த வேலைகளை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். சாட்சி சொல்லும்போது 'சும்மா' என்ற சொல் வாயில் வருமானால், அதைச் சொல்லாமல் விழுங்குங்கள்.