வெப்சைட்டும் குரல் கொடுக்கட்டும்!

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறீர்களா? 'திருச்சி, திருச்சி... காரைக்குடி, காரைக்குடி...' என்று கண்டக்டர்கள் போடும் சத்தம் காதைப் பிளக்கும். நமக்கு அது இரைச்சல். பஸ்சின் நெற்றியில்தான் ஊர் பெயர் எழுதியிருக்கிறதே, படித்துக்கொள்ளலாம். ஆனால், பார்வையில்லாத ஒருவருக்கு அந்தச் சத்தம்தான் போர்டு!

இப்போது பஸ் டிக்கெட், தேர்வு முடிவு, பேங்க் வேலை எல்லாமே வெப்சைட்டில் வந்துவிட்டன. அங்கே யார் குரல் கொடுப்பது?

திரையில் உள்ள எழுத்துகளைச் சத்தமாக வாசிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதில் ஒன்று 'என்விடிஏ'. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006ல் இதை உருவாக்கத் தொடங்கினார். அவரும் பார்வையற்றவர்தான். இது இலவசம், தமிழும் வாசிக்கும்.

ஆனால், வெப்சைட் செய்தவர் எழுதி வைத்ததைத்தானே அது வாசிக்க முடியும்? படத்துக்கு விளக்கம் எழுதாவிட்டால், 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பட்டன்களுக்குப் பெயர் வைக்காவிட்டால், 'பட்டன், பட்டன்' என்றே சொல்லும். இதில் எதை அழுத்தினால் டிக்கெட் கிடைக்கும்? போர்டும் இல்லாத, கண்டக்டரும் வாய் திறக்காத பஸ் மாதிரிதான்!

கை நடுங்குபவர்களுக்கு மவுசைப் பிடிப்பது சிரமம். கீபோர்டு மட்டுமே போதும் என்று இருக்க வேண்டும். காது கேளாதவர்களுக்கு வீடியோவின் கீழே எழுத்து ஓட வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவரிடம், 'பச்சை பட்டனை அழுத்தவும்' என்றால் எப்படி?

'கொஞ்சம் பேருக்காக இவ்வளவு வேலையா?' என்று சிலர் கேட்பார்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டுவது சக்கர நாற்காலிக்காகத்தான். ஆனால், மூட்டுவலிப் பாட்டியும், பெட்டியை உருட்டி வருபவரும் அதில்தானே ஏறுகிறார்கள்?

இது இரக்கப்பட்டுச் செய்கிற உதவியும் அல்ல. பேங்க் கணக்கு தொடங்க, கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். முகத்தில் காயம்பட்டு, கண் சிமிட்டவே முடியாதவர் என்ன செய்வார்? இப்படித் தவித்தவர்களும், பார்வையற்ற ஒருவரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். இணைய வசதிகளை எல்லாரும் பயன்படுத்த முடிவது, உயிர் வாழும் உரிமையிலேயே அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30ல் தீர்ப்பு வந்தது.

நீங்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். மவுசை ஓரமாக வைத்துவிட்டு, கீபோர்டில் 'டேப்', 'என்டர்' பட்டன்களை மட்டும் அழுத்தி, உங்களுக்குப் பிடித்த வெப்சைட்டைச் சுற்றி வாருங்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ, அங்கே சாய்தளம் இல்லை என்று அர்த்தம்!

பள்ளி அறிவிப்பை போட்டோ எடுத்து அனுப்பினால், அதிலுள்ள எழுத்துகளும் டைப் செய்யப்பட்டிருக்கட்டும். கம்ப்யூட்டர் புராஜெக்ட்டில் படம் வைத்தால், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். நாளைக்கு வெப்சைட் செய்யப் போகிறவர்களே நீங்கள்தானே! கட்டி முடித்த பிறகு இடித்துச் சரிசெய்வதைவிட, முதலிலேயே சரியாகக் கட்டுவது சுலபம்.

மாட்டுத்தாவணியில் ஒரு குரல் கேட்டால், பார்வையில்லாதவரும் தன் பஸ்சைக் கண்டுபிடித்து ஊர் போய்ச் சேருவார். நீங்கள் எழுதப் போகும் அந்த ஒரு வரியும் அப்படிப்பட்ட குரல்தான். எழுதுவீர்கள்தானே?