டைகோ மேடையேறிவிட்டது, தோல் பதனிட்டவர் எங்கே?

அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து என்று பல நாடுகளில் இன்று டைகோ வகுப்புகள் நடக்கின்றன. எப்படி நிற்பது, எப்படி மூச்சுவிடுவது, குச்சியை எப்படிப் பிடிப்பது என்று தொடங்குகிறார்கள். ஒழுக்கம், வலிமை, ஜப்பானிய ஆன்மா என்றெல்லாம் பேசுகிறார்கள். அந்த முரசின் மாட்டுத் தோலை உரித்ததும் பதனிட்டதும் இழுத்துக் கட்டியதும் யார் என்ற பேச்சு மட்டும் பெரும்பாலும் வருவதில்லை.

அவர்கள் புராக்கு மக்கள். செத்த மாட்டை அகற்றுவதும் தோல் வேலையும் தோக்குகாவா ஆட்சிக் காலத்தில் அவர்கள் தலையில் கட்டப்பட்டன. 'ஏட்டா' என்று அழைத்தார்கள். அதை எழுதும் எழுத்துகளுக்குப் பொருள் 'மிகுந்த அழுக்கு'. முரசு கோயிலுக்குள் போனது. செய்தவர்களுக்குப் பல ஊர்களில் திருவிழாவில் இடமில்லை. எங்கேயோ கேட்ட கதை போல இருக்கிறதா தோழர்களே? 1871இல் அரசாணை போட்டு அந்த இழிபெயர்களை ஒழித்தார்கள். இழிவு ஒழியவில்லை. அதனால்தான் 1922இல் சுய்ஹெய்ஷா இயக்கத்தை அவர்களே கட்டினார்கள்.

ஒசாகாவின் நானிவா பகுதி தலைமுறை தலைமுறையாக முரசு செய்த ஊர். செய்வார்கள், விற்பார்கள், வாசிப்பது வேறு யாரோ. 1987இல் அந்த ஊர் இளைஞர்கள் தாங்களே குச்சியைக் கையில் எடுத்தார்கள். குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இகாரி', அதாவது சினம். பண்பாடு, பாரம்பரியம் என்று மெத்தென்று பெயர் வைக்காமல் சினம் என்று வைத்தார்கள் பாருங்கள், அங்கேயே நமக்கு அவர்கள் உறவாகிவிடுகிறார்கள்.

கடல் தாண்டிய டைகோவுக்கும் ஒரு நியாயமான வரலாறு உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரண்டாம் உலகப்போரில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாயடைத்துக் கிடந்த சமூகத்துக்கு இந்த முரசால் குரல் கொடுத்தார்கள். சான்பிரான்சிஸ்கோவில் 1968இலும், லாஸ் ஏஞ்சலஸ் பௌத்தக் கோயில் ஒன்றில் 1969இலும் குழுக்கள் தொடங்கின. முரசு வாங்கப் பணமில்லாமல் பழைய ஒயின் பீப்பாய்களில் தாங்களே தோல் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. உழைப்புதான், மதிக்கிறோம். ஆனால் தோலைத் தொட்டதற்காக அங்கே அவர்களை யாரும் ஊருக்கு வெளியே நிறுத்தவில்லை. ஒடுக்கப்பட்டவர்களின் முரசு என்று ஒரு சமூகம் பெருமைப்படும்போது, அதற்குள்ளேயே இன்னொரு ஒடுக்கப்பட்டவர் காணாமல் போவது இப்படித்தான்.

சரி, எல்லா வகுப்பிலும் 'இதைச் செய்தவர் புராக்கு' என்று அறிவித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். புராக்கு மக்களுக்குத் தோற்றத்தில் எந்த வேறுபாடும் கிடையாது. ஊர் முகவரியை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அவர்கள் வாழும் ஊர்களின் பட்டியலை ரகசியமாக அச்சிட்டு நிறுவனங்களுக்கு விற்றது 1975இல் அம்பலமானது. வேலை கேட்டு வருபவர் எந்த ஊர் என்று பார்க்க அந்தப் பட்டியல்! ஆகவே வரலாற்றைச் சொல்லுங்கள், தனிப்பட்ட குடும்பத்தைக் காட்டிக்கொடுக்காதீர்கள். 'இகாரி' போல, தாங்களே முன்வந்து பேசுபவர்களின் குரலைக் கேட்க வையுங்கள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு? 2001 டர்பன் மாநாட்டில் பிறப்பாலும் தொழிலாலும் வரும் பாகுபாட்டை எதிர்த்துத் தலித்துகளும் புராக்கு மக்களும் சேர்ந்தே குரல் எழுப்பினார்கள். அந்த உறவு ஒரு காரணம். இன்னொரு காரணம் பறை. புலம்பெயர் தமிழர் மேடைகளில் பறை இப்போது 'ஆதித்தமிழர் இசை' ஆகிவிட்டது. மகிழ்ச்சிதான். சாவு வீட்டில் அடிக்கச் சொல்லி மிரட்டப்பட்டவர்களையும், அடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காக உதை வாங்கியவர்களையும் விட்டுவிட்டு வெறும் அடவை மட்டும் கப்பலேற்றினால் என்ன ஆகும் என்பதற்கு டைகோ நம் கண்முன் இருக்கிறது.

வெளிநாட்டில் பறைப் பட்டறை நடத்தும் தோழர்களிடம் நாங்கள் கேட்பது பெரிதல்ல. முதல் நாள் குச்சியைக் கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் சாதியைப் பற்றிப் பேசுங்கள். காணொளியைப் பார்த்துக் கற்றவரை மட்டும் ஆசிரியராக்காமல் ஊரிலிருந்து கலைஞரை அழையுங்கள். விசா, விமானக் கட்டணம், அவருக்கான சம்பளம், இந்த மூன்றையும் மண்டப வாடகைக்கு முன்னால் எழுதுங்கள்.