200 கேள்வி பி.டி.எஃப். வேலை வாங்கித் தராது

கொஞ்சம் நீளமான பதிவு. கோபமான பதிவும்கூட.

இரண்டு மாதம் முன்பு என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) ஒரு பெரிய நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. அதற்காக ஒரு பயிற்சி மையத்தில் 60,000 ரூபாய் கட்டியிருந்தான். தங்கையின் வளையல் இப்போது அடகுக் கடையில். மையம் கொடுத்தது 200 கேள்வி பதில் கொண்ட ஒரு பி.டி.எஃப். "இதுலேர்ந்துதான் கேப்பாங்களாம் மாமா. மொத்தமும் மனப்பாடம்" என்றான்.

கூட்டுச்சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் என்ன வித்தியாசம் என்றேன். கடகடவென்று ஒப்பித்தான். "நம்ம தெருவுல 10 வீடு. ஒன்பது வீட்ல மாச வருமானம் 20,000. ஒரு வீட்ல 10 லட்சம். இந்தத் தெருவோட வருமானம் எவ்வளவுன்னு கேட்டா என்ன சொல்லுவே?" சராசரி 1,18,000 என்று சரியாகவே கணக்குப் போட்டான். "அந்த வருமானம் எந்த வீட்டுக்கு வருது?" என்றேன். முழித்தான். இடைநிலை அளவு 20,000, அதுதான் தெருவின் நிலைமை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வரையறை வாயில் இருந்தது, தெரு கண்ணில் இல்லை.

இன்டர்வியூவிலும் அதுதான் நடந்தது. "போன மாதம் விற்பனை 10 சதவீதம் குறைந்திருக்கிறது. என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்களாம். பி.டி.எஃப்.பில் இல்லாத கேள்வி. "டேஷ்போர்டு போடுவேன்" என்றிருக்கிறான். அனுப்பிவிட்டார்கள்.

அவனை நான் திட்டவில்லை. திட்டப்பட வேண்டியவன் நான். புளூபிரிண்ட் பார்த்து, "இந்த 10 மார்க் நிச்சயம் வரும், போட்டுப் பார்" என்று பாடம் நடத்திய கணக்கு வாத்தியார் நான். ஒரு மார்க் கேள்விக்குக் கணக்கைப் படிக்காமல், விடை 'சி' என்று எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்குக் கைதட்டியவன். அந்த மையம் விற்பது நாங்கள் பழக்கிவிட்ட சரக்கைத்தான். நாங்கள் சம்பளத்துக்குச் செய்தோம், அவர்கள் வளையலுக்குச் செய்கிறார்கள்.

அனலிஸ்ட் வேலை ஒன்றும் மாயம் இல்லை. என் மதிப்பெண் பதிவேட்டிலேயே அது இருக்கிறது. வகுப்பில் 40 பேர், 4 பேர் ஆப்சென்ட். எழுதிய 36 பேரின் சராசரி 60. வராதவர்களுக்குப் பூஜ்யம் போட்டால் அதே சராசரி 54. எது சரி? எஸ்.க்யூ.எல்.லில் அந்த வெற்றிடத்துக்குப் பெயர் 'நல்'. சராசரி எடுக்கும்போது அது தானாகவே நல்லை விட்டுவிடும். அது தெரியாமல் எண்ணை எடுத்து மேனேஜரிடம் நீட்டுபவன் அனலிஸ்ட் அல்ல.

வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண் பட்டியலையும் இன்னர் ஜாயின் போட்டால், தேர்வு எழுதாத பிள்ளை அறிக்கையிலிருந்தே காணாமல் போவாள். லெஃப்ட் ஜாயின் போட்டால் பெயர் நிற்கும், மதிப்பெண் காலியாக இருக்கும். அவள் ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றும். சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு '100 சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டும் பள்ளிகள் செய்வது இந்த இன்னர் ஜாயின்தான்!

பெரிய இடத்திலும் எண் ஏமாற்றும். 1973-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதமும் பெண்களில் 35 சதவீதமும் தேர்வானார்கள். பாரபட்சம் என்றுதானே தோன்றும்? துறை துறையாகப் பிரித்தபோது அந்தப் படம் மாறியது. இடம் கிடைப்பதே கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். மொத்தத்தைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதாமல் பிரித்துப் பார்க்கிறானா என்பதைத்தான் இன்டர்வியூவில் தேடுகிறார்கள்.

அந்த விற்பனைக் கேள்விக்கும் வழி இதுதான். எதோடு ஒப்பிட்டு 10 சதவீதம்? 2022-இல் தீபாவளி அக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12. இரண்டு அக்டோபரை ஒப்பிட்டால் ஜவுளிக்கடை நஷ்டத்தில் ஓடுவதுபோல் தெரியும். எல்லா ஊர்க் கணக்கும் வந்து சேர்ந்துவிட்டதா? எல்லா ஊரிலும் குறைந்ததா, ஒரே ஊரிலா? வாடிக்கையாளர் குறைந்தார்களா, ஒவ்வொருவரும் வாங்குவது குறைந்ததா? நம்ம ஊர் மளிகைக் கடைக்காரர் கேட்கிற கேள்விகள்தான் இவை.

இன்னொன்று. அந்த மையம் "மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுக்கோ, லெட்டர் நாங்க தர்றோம்" என்றும் சொல்லியிருக்கிறது. அது பயிற்சி இல்லை, மோசடி. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைக் கேட்டால் எங்கே, எப்போது வேலை பார்த்தாய் என்பது தெரிந்துவிடும். வேலையில் சேர்ந்த பிறகு பிடிபட்டால் போவது வேலை மட்டுமல்ல, பெயரும்தான். பொய்யான எண்ணைக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பொய்யான எண்ணைக் கொடுத்தா போவது?

"எல்லாரும் அப்படித்தான் சார் போறாங்க, வயித்துப்பாடு" என்பீர்கள். புரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், அடகு வைத்த பணத்துக்கு இது பலன் தராது.

அரசின் data.gov.in என்ற டேட்டா.கவ்.இன் தளத்தில் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் மாவட்டம் சம்பந்தப்பட்ட ஒன்றை எடுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஜாயின், குரூப் பை, விண்டோ ஃபங்ஷன் மூன்றையும் அதில் போட்டுப் பழகுங்கள். கண்டதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள், இந்தத் தரவால் சொல்ல முடியாதது எது என்பதையும் சேர்த்து. பிறகு அம்மாவிடம் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். அவருக்குப் புரிந்தால் மேனேஜருக்கும் புரியும்.

இந்தத் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கொடுங்கள். ஃபோனில் இரண்டு பிள்ளைகளுக்கு மாதிரி இன்டர்வியூ எடுங்கள். என் தங்கை மகனிலிருந்தே ஆரம்பிக்கலாம். பி.டி.எஃப்.பை அழித்துவிட்டான். இப்போது எங்கள் ஊர் மழை அளவுக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். நேற்று ராத்திரி ஃபோனில், "மாமா, ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுமே பதிவாகல. அது மழை இல்லாததா, அளக்காததா?" என்று கேட்டான்.

வளையல் இன்னும் திரும்பவில்லை. ஆனால் பையன் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டான்.