ஒளித்த மலர் வாழாது

புதுமலர் படைத்தோர் அதனைத் தம் தோட்டத்தே ஒளித்து வைத்தலே ஊதியம் என்பார் உளர். அது பொருந்தாது என்பதே எம் கருத்து.

பிரான்ஸ் தேசத்துப் பிரான்சிஸ் மெயான் என்னும் இளைஞர் 1935ஆம் ஆண்டில் ரோஜாக்களின் மகரந்தத்தை மாற்றிச் சேர்த்து வித்துகள் பெற்றார். கலப்பு ரோஜாவின் வித்துகள் தாயை ஒத்து மலர்வதில்லை; ஒவ்வொரு நாற்றும் வெவ்வேறு இயல்புடையது. ஆதலின் அவற்றை வளர்த்துப் பூக்கவிட்டு, நலியனவற்றைக் களைந்து, சிறந்த ஒன்றைத் தேர்தல் வேண்டும். இது பல்லாண்டுப் பணி. இங்ஙனம் கிடைத்தது, இளமஞ்சள் இதழும் செவ்விய விளிம்பும் உடைய ஒரு பெருமலர்.

தேர்ந்த செடியின் குணம் மாறாது பெருகுதற்கு, அதன் மொட்டைப் பிறிதொரு செடியில் ஒட்டுதல் ஒரு வழி. மெயான் அம்மொட்டுக் குச்சிகளை அமெரிக்கா முதலிய அயல்நாடுகளுக்கு அனுப்பினார். அங்கே தழைத்த அச்செடி, 1945 ஏப்ரல் 29இல், சமாதானம் எனப் பொருள்படும் 'பீஸ்' என்னும் பெயர் பெற்றது.

உழைத்தவன் ஊதியம் பெறுதல் முறையே. அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் புதுச்செடி கண்டவர்க்கு உரிமை நல்கிற்று. ஆயினும் உரிமை வேறு, ஒளித்தல் வேறு. ஒரே தோட்டத்தில் நின்ற செடியை ஒரு போரோ ஒரு நோயோ அழித்துவிடும். பல தோட்டங்களில் நின்றதை அழித்தல் எளிதன்று.

நண்பர்காள்! நாம் கற்ற கல்வியும் அத்தகையதன்றோ?